மேல்மாடியிலிருந்து வந்த பதில்

கிறிஸ்துராஜா அண்ணைக்கு வெள்ளைக்காரரைக் கண்டால் குரல் தானாகவே இறங்கிவிடும். அவர்தான் எங்கள் டூட்டிங் தமிழ்ப் பாடகர் குழாமின் தலைவர் என்பது எங்கள் தலையெழுத்து. வெள்ளைக்காரருடைய தேவாலயத்தில் பின்னேரம் மட்டும் இடம் கேட்டு வாங்கித் தமிழ்ப் பூசை வைக்கிறோம். ஒருமுறை அயலட்டைக்காரர் சத்தம் என்று முறையிட்டார்கள். அன்றிலிருந்து யன்னலைச் சாத்திவிட்டு வாய்க்குள் பாடுவதே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்த வருடம் அந்தத் தேவாலயத்தின் பாடகர் குழு எங்களையும் சேர்த்து ஒரு கச்சேரி வைத்தது. நானூறு வருடத்துக்கு முந்தின இத்தாலியப் பாட்டு. பீடத்தடியில் சின்ன ஓர்கன் வாத்தியத்தோடு அவர்களில் ஐந்து பேர். பின்னால் மேல்மாடியில் பித்தளைக் குழல்காரரோடு நாங்கள் அத்தனை பேரும். அந்த ஐந்து பேரும் மெல்லத் தொடங்க, நாங்கள் மொத்தமாக விழுந்து பதில் சொல்லவேண்டும். இரண்டும் எதிரெதிரே நின்றால்தான் அது பாட்டு.

ஒத்திகை முடிய அண்ணை சொன்னார்: "பிள்ளையள், கொஞ்சம் அடக்கிப் பாடுங்கோ. அவையின்ரை குரலை நாங்கள் மூடக்கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூடத்தானே அண்ணை அந்த இத்தாலிக்காரன் எழுதி வச்சிருக்கிறான்! அடக்கினால் ரெண்டு பக்கமும் ஒரேமாதிரித்தான் கேக்கும். பிறகென்னத்துக்கு நாங்கள்?"

"றோஸ்மலர், அடுத்தமுறை கூப்பிடமாட்டினம்."

"கூப்பிடாமல் விடட்டும். என்னாலை அடக்க ஏலாது."

"அப்ப நீ வாயை மட்டும் அசை" என்றார். சொல்லிவிட்டு அவரே என் முகத்தைப் பார்க்கவில்லை.

கச்சேரியன்று தேவாலயம் நிறைந்திருந்தது. ஐந்து பேரும் அழகாகவே பாடினார்கள், பொய் சொல்லக்கூடாது. எங்கள் முறை வந்தது. அண்ணை ஒரு கையால் தாளம் காட்டி, மற்றக் கையைத் தணித்துத் தணித்துப் பிடித்தார். எல்லோரும் முணுமுணுத்தோம். குழல் சத்தத்துக்குள் நாங்கள் இருந்த இடமே தெரியவில்லை. கீழே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

எங்கள் முறை மறுபடி வந்தபோது நான் அந்தத் தணிக்கும் கையைப் பார்க்கவேயில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டேன். பக்கத்தில் நின்ற சுவர்ணா திடுக்கிட்டுப் பார்த்தாள். அடுத்த அடிக்கு அவளும் விட்டாள். பிறகு யாரைப் பிடிக்க! மேல்மாடி முழுக்கக் குரல் திறந்துகொண்டது. கீழே தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. திரும்பட்டும்!

அண்ணை அந்தக் கையை இறக்கிவிட்டார். முகம் வெளுத்திருந்தது. கோபமோ பயமோ, எனக்கு அதைப்பற்றிக் கவலையில்லை.

எங்கள் அடி முடிந்தும் முழக்கம் கூரையை விட்டுப் போகவில்லை. பீடத்தடியில் அந்த ஐந்து பேரும் வாயெடுக்கமுடியாமல், அது அடங்கும்வரை எங்களுக்காகக் காத்து நின்றார்கள்.