பனிங் எழுந்து போகலாம்

1

இந்தக் கதை எனக்குக் கழிவறை வாசலில் கிடைத்தது. மூக்கைப் பொத்தாதீர்கள்; உள்ளே இருந்தவள் அழுதுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

[முதல் தொடக்கம்: "பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் அன்று மழை..." வேண்டாம். மழையே பெய்யவில்லை.]

எங்கள் தெருவில் விருந்தென்றால் கரோக்கே பாட்டு. செவெரோ மாமா மைக்கைப் பிடித்தால் விருந்துக்கு முழுசாகச் சுட்டு வைத்த பன்றிகூட எழுந்து ஓடப் பார்க்கும். அவர் அக்கா மகள் பனிங், நாற்பதைத் தாண்டியவள், மருந்துக்கடையில் வேலை. ஒவ்வொரு விருந்திலும் பாதியில் காணாமல் போவாள்; கழிவறையில் அழுதவள் இவள்தான். திமிர் என்பது குடும்பத்தின் தீர்ப்பு.

2

(இங்கே ஆட்டிசம் பற்றி ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன். பாடப்புத்தக வாடை அடித்தது. கிழித்தேன்.)

தூக்கம் வரவில்லை என்று போன பனிங்கிடம் மருத்துவர் அவள் சின்ன வயதைப் பற்றியெல்லாம் கேட்டார். சில வாரம் கழித்து, "இது ஆட்டிசம். பிறந்ததுலேர்ந்தே இருக்கு. சத்தம் தாங்க முடியாம எழுந்து போறது அதனாலதான்," என்றார்.

"அப்ப நான் திமிர் பிடிச்சவ இல்லையா, டாக்டர்?"

3

செய்தி தெரிந்ததும் வீட்டார் இன்னும் மோசமானார்கள். பனிங்கின் தங்கை ரோவேனா குழந்தையிடம் பேசுவதுபோல் இழுத்துப் பேசினாள். "அக்கா... சாப்... பிடு... றியா?"

"எனக்குக் காது ரொம்பக் கேக்குதுடி. செவிடில்ல."

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றார் மாமா.

"இருந்துச்சு மாமா. வேற பேரு வச்சிருந்தீங்க."

[இந்தப் பதில் என் கைவரிசை. பனிங் படித்துவிட்டு, "நான் எங்க பேசினேன்? தட்டைத் தூக்கிட்டு அடுப்படிக்குப் போனேன்," என்றாள். அழிக்க மனமில்லை.]

4

ரோவேனாவின் கல்யாணம் வந்தது.

"நீ வரலேன்னா கல்யாணமே வேணாம்க்கா."

"மிரட்டாதே. என்னென்ன நடக்கும்னு முன்னாடியே சொல்லு. நான் எழுந்து போனா ஆள் அனுப்பாதே."

கல்யாண விருந்தில் மாமா மைக்கைத் தொட்டதும் பனிங் எழுந்தாள். எல்லாத் தலையும் திரும்பியது.

"அவ போகட்டும். நீங்க கறியைத் தின்னுங்க," என்றாள் மணப்பெண்.

பிறகு தட்டும் கையுமாக அவளே வெளியே வந்தாள். பனிங் வாசலில் நின்ற ஆட்டோவுக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"உக்காரட்டுமா?"

"நீ பேசாம இருந்தா."

வெள்ளைக் கவுனைச் சுருட்டிக்கொண்டு ரோவேனா ஏறினாள். இருவரும் ஒரே தட்டில் பன்றித்தோலை மொறுமொறுவென்று கடித்தார்கள். யாரும் தேடி வரவில்லை.

5

முடிவு. பனிங் மறுபடி உள்ளே போய்ப் பாடினாள் என்று எழுதினால் நீங்கள் கைதட்டுவீர்கள். வீட்டுக்குப் போய்விட்டாள் என்று எழுதினால் உச்சுக்கொட்டுவீர்கள். அப்புறம் என்ன நடந்தது என்று பனிங்கிடமே கேட்டேன். சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு தாங்காமல் இருமினாள். அதை எழுதட்டுமா என்றேன்.

"வேணாம். அது என்னோடது."

ஆகவே, உங்களுக்கு வேண்டியதை நீங்களே...