தோளை விட்டு இறங்காத துப்பாக்கி நிழல்

ஹிஸாமின் துப்பாக்கி ஷேக் தஹ்மானின் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்க, அதன் நிழல் மட்டும் ஹிஸாமின் தோளிலேயே தங்கிவிட்டது. முதலில் பார்த்தவள் அவன் மனைவி வர்தா. முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வெறுந்தோளோடு கணவன் உள்ளே வந்தான். சுவரில் கூடவே வந்த நிழலின் தோளில் துப்பாக்கிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கோழிக்குத் தீனி வைத்தாயிற்றா என்று கேட்டான். வைத்தாயிற்று என்றாள்.

கிணற்றுத் தண்ணீருக்காகப் பக்கத்து வயல்காரன் முக்பிலோடு வந்த வழக்கு அது. சனா நகரத்துக்குப் போகும் சாலையோரத்து எங்கள் ஊரில் வழக்கென்று வந்தால் இரு தரப்பும் ஆளுக்கொரு துப்பாக்கியை ஷேக்கிடம் ஈடாக வைக்க வேண்டும். தீர்ப்பானதும் திரும்பக் கிடைக்கும். ஹிஸாமிடம் இருந்ததே ஒன்றுதான். முக்பிலிடம் நிறைய இருந்தன. துருப்பிடித்த ஒன்றைக் கொடுத்துவிட்டு நல்லதைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தையில் திரிந்தான். ஷேக்கோ மத்தியானம் தோறும் கிறக்கம் தரும் காத் இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "பாத்துக்கலாம்ப்பா, என்ன அவசரம்" என்பார். அப்படியே வருஷங்கள் ஓடின.

வர்தாவுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. ஆயுதம் இல்லாதவனைச் சுடுவது எங்களிடம் கழுவ முடியாத கேவலம். சுட்டவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், அவனோடு ஒரே தட்டில் கை வைக்க மாட்டார்கள். அந்த வெறுந்தோள்தான் கணவனுக்குக் காவல் என்று நம்பியிருந்தாள்.

ஆனால் ஊர் நிழலைப் பார்க்கப் பழகிவிட்டது. எங்கள் ஊர் முறைப்படி, சந்தையில் துப்பாக்கிக் குழாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும். விருந்துக்குப் போனால் துப்பாக்கியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஹிஸாமின் நிழலோ குழாயை நிமிர்த்தியே வைத்திருந்தது, கழற்றவும் வரவில்லை. "மொதல்ல நெழல வெளிய மாட்டிட்டு வா" என்று சொந்தத் தம்பியே கல்யாண வீட்டு வாசலில் அவனை நிறுத்தினான். உச்சி வெயிலிலும் மேகம் மூடிய நாளிலும்தான் நாலு பேர் வீட்டுக்குப் போக முடிந்தது.

"சாயங்காலத்துல சந்தைக்குப் போகாதீங்க" என்று வர்தா கெஞ்சினாள்.

"உப்பு வாங்கக்கூட மேகத்தக் கேட்டுட்டுத்தான் போகணுமாடி?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெயில் சாய்ந்திருந்தது. அவன் நிழல் நீண்டுபோய், அதன் குழாய் மசாலாக் கடையில் நின்ற முக்பிலின் நெஞ்சில் பட்டது. முக்பில் சுட்டான். உப்புப் பொட்டலத்தை யாரோ வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சபை கூடியது. "என் நெஞ்சுக்கு நேரா நீட்டினான், ஊரே பாத்துச்சு" என்றான் முக்பில். பொய் இல்லை, ஊரே பார்த்தது.

திரைக்குப் பின்னாலிருந்து வர்தா, "அந்த நெழல்லேருந்து ஒரே ஒரு தோட்டாவ எடுத்துக் காட்டுங்க, நான் வாய மூடிக்கிறேன்" என்றாள்.

ஷேக் நெடுநேரம் இலையை மென்றார். "நெழல் இருந்தா ஆயுதம் இருக்கு, நெழல் இல்லன்னா இல்ல. அவ்வளவுதாம்மா" என்றார்.

ஆக, செத்தவன் ஆயுதம் தரித்தவன். சுட்டவனுக்குக் கேவலம் ஒன்றுமில்லை. கிணறும் முக்பிலுக்கே போயிற்று. இத்தனை வருஷம் நகராத வழக்கு பிணம் விழுந்ததும் ஒரே பகலில் முடிந்தது. சொல்லவே வாய் கசக்கிறது.

வழக்கு முடிந்ததால் ஈடு வைத்த துப்பாக்கி வர்தாவிடம் வந்தது. அதன் நிழல் ஹிஸாமோடு குழிக்குள் போயிருந்தது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தாள். தரையில் ஒரு பெண்ணின் நிழல் மட்டும் கூட வந்தது. முக்பிலின் வீட்டு வாசலில் அவன் அண்ணன் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து அவள் தோளைப் பார்த்தான். தீர்ப்பை மதிக்கிறவன் அவன். ஆகவே குனிந்து தரையையும் பார்த்தான்.

"வெறுங்கையாத்தான் வந்திருக்க. உள்ள போ தங்கச்சி" என்றான்.

முக்பில் இஞ்சி தட்டிப் போட்ட காப்பி ஊற்றிக் கொடுத்தான். அவள் குடித்து முடித்தாள்.

வெடிச் சத்தம் ஊருக்கே கேட்டது. ஷேக் வந்து பார்த்தார். வீட்டுக்குள் ஆயுதம் எதுவும் நுழையவில்லை என்று அண்ணன் அழுதுகொண்டே சத்தியம் செய்தான். அப்படியானால் நெஞ்சு வலிதான் என்றார் ஷேக். முக்பில் நெஞ்சு வலியில் போனான் என்றே இன்றும் சொல்கிறோம். வர்தா அந்தத் துப்பாக்கியோடுதான் எல்லார் வீட்டுக்கும் வந்து போகிறாள். வாசலில் மாட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை.