கூட ஒரு கையெழுத்து

மார்லி ஸ்டாம்பர் வேலை முடிந்த கையோடு வங்கிக்கு வந்திருந்தாள். சட்டையில் கோழி பொரித்த எண்ணெய் வாடை போகவில்லை. ஒன்றரை வருஷம் சேர்த்த ஆயிரத்து நானூறு டாலரை எடுத்துக்கொண்டு போனால், சர்ச்சுக்குப் பின்னால் நிற்கும் பழைய நீலக் கார் அவளுடையது. கார் வந்துவிட்டால் லெக்ஸிங்டனுக்கு ஓடிவிடலாம். அப்பன் முகத்தில் இனி விழிக்க வேண்டாம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். "எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல, கண்ணு. நீதான் எங்களுக்கு முன்னூத்திச் சொச்சம் தரணும்."

மைனர் கணக்கு. பெற்றவர்கள் பெயரும் சேர்ந்தே இருக்கும். அவர்களும் எடுக்கலாம். பெட்ரோல் பங்கில் சூதாட்ட மெஷினுக்குப் பக்கத்திலேயே பணம் எடுக்கும் மெஷினும் இருப்பது அப்பனுக்கு வசதியாகப் போயிற்று. பணம் தீர்ந்த பிறகும் எடுத்திருக்கிறான். ஒவ்வொரு தடவைக்கும் முப்பத்தைந்து டாலர் தண்டம்.

"தீந்துட்டா மெஷின் குடுக்காம நிக்கணுமில்ல?"

"நிக்கும்மா. ஆனா பணம் இல்லாதப்பவும் குடுங்கன்னு கணக்கு ஆரம்பிக்கறப்பவே உங்கம்மா சம்மதம் குடுத்திருக்காங்களே."

"அவன் பேர எடுத்துடுங்க."

"அவரே வந்து கையெழுத்துப் போடணும். இல்லன்னா பதினெட்டு ஆனதும் உனக்குன்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சுக்க."

வீட்டில் அப்பன் ராய்ஸ் பீன்ஸ் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். முதுகு போய்விட்டதென்று நிலக்கரிச் சுரங்க வேலையை விட்டவன். அடிக்கிற கைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா ட்வைலா அப்போதுதான் வார்ப்பிரும்புச் சட்டியை ஓவனிலிருந்து எடுத்து, சோள ரொட்டியோடு அடுப்பின்மேல் வைத்திருந்தாள்.

"என் காசு எங்க?"

"வந்துட்டாங்கப்பா மகாராணி." ராய்ஸ் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "பதினேழு வருஷம் தின்னியே, அதுக்கு யாருடி கணக்கு வெக்கறது?"

மார்லி அம்மாவிடம் திரும்பினாள். "நீ ஏம்மா சரின்னு சொன்ன?"

ட்வைலாவின் முகம் வெளுத்துவிட்டது. "கடையில நாலு பேரு முன்னாடி உன் கார்டு செல்லாதுன்னு சொல்லிடக் கூடாதுன்னுதான்டி. நீ கைக்குழந்தையா இருக்கறப்ப பால் டின்னைத் திருப்பி வெச்சுட்டு வெறுங்கையா வந்தேன். அந்த அவமானம் உனக்கு வேணாம்னு..."

ராய்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயிலிருந்த பீன்ஸ் மேஜையெல்லாம் தெறித்தது. "உங்கம்மா தங்கமானவடி. வத்தாத கிணத்தையே என் கையில குடுத்திருக்கா!"

மார்லி கிண்ணத்தை அவன் மடியில் கவிழ்த்தாள். ஆவி பறக்கும் பீன்ஸ். அலறிக்கொண்டு எழுந்தவன் அவள் தலைமயிரைப் பிடித்து முகத்தை ஃப்ரிட்ஜ் கதவில் மோதினான். ஒரு பல் உடைந்து நாக்கில் கிடந்தது. மறுபடி மோதினான். குறுக்கே வந்த ட்வைலாவின் விலாவில் முழங்கையால் இடிக்க, அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். அந்த ஒரு நொடி பிடி தளர்ந்தது. மார்லியின் கை எட்டிய இடத்தில் சட்டி இருந்தது. சூடு அவளுக்கு உறைக்கவேயில்லை. முதல் அடி அவன் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது அடி காதுக்கு மேலே.

சோள ரொட்டித் தூளின் மேல் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அவன் மூச்சு கரகரவென்று வந்தது. ட்வைலா விலாவைப் பிடித்தபடி போனில் வீட்டு முகவரியைச் சொல்லி, ஆம்புலன்ஸ் வேண்டும் என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. பிறகு மகளின் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையின் குறுக்கே சட்டியின் பிடி அகலத்துக்குத் தோல் வெந்து உரிந்திருந்தது.

"பைப்புல காட்டுடி. அப்புறம் கைய மூடிக்க."

"நான்தான் அடிச்சேன்னு சொல்லிடறேம்மா. செத்தாலும் பரவால்ல அவன்."

"வாய மூடு. நீ எதுவும் சொல்லப்படாது."

ட்வைலா தரையில் கிடந்த சட்டியை எடுத்துத் துணியால் துடைத்தாள். அடுப்பைப் பற்றவைத்து, பிடி நெருப்புக்கு மேல் வரும்படி வைத்தாள். என்ன செய்கிறாள் என்று மார்லிக்கு முதலில் விளங்கவில்லை. தொலைவில் சைரன் கேட்டது, மலை வளைவில் அமுங்கி, மறுபடி கேட்டது.

"அம்மா, வேணாம்மா!"

"உனக்கு இன்னும் பதினெட்டு ஆகலடி," என்றாள் ட்வைலா, நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "கூட நான்தான் கையெழுத்துப் போடணும்."

பிடியைப் பற்றினாள். கருகிய நாற்றம் எழுந்தது. பற்களுக்கிடையே இழுத்த மூச்சு வெளியே வரவேயில்லை. மார்லி அழுதுகொண்டே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஜன்னலில் சிவப்பும் நீலமும் மாறி மாறி அடித்தன. கதவு தட்டப்பட்டது. ட்வைலா சட்டியை வைத்துவிட்டு, வெந்த உள்ளங்கையை முன்னால் நீட்டியபடி திறக்கப் போனாள்.