தோளில் ஒரு தட்டு

…தெரிந்திருக்கவே முடியாது, அந்த ஜாக்கெட் அவ்வளவு தடிமன், உள்ளே வாத்து இறகு, அதற்குள் ஒரு கம்பளிச் சட்டை, அதற்குள் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் மேலே கேமராப் பையின் அகலமான வார், என் கையிலோ விரலை மடக்கக்கூட விடாத உறை, இத்தனையையும் தாண்டி ஒரு தட்டு எப்படிப் போய்ச் சேரும், சேராது, சேர்ந்திருந்தால் பஞ்சவர்ணம் வந்திருப்பாள், முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் நான் தட்டி அவள் வராமல் இருந்ததில்லை… ரயில் கதவு மூடப்போவதாக மணி அடிக்கிறது. பொங்கோல்தான் தொடக்கம் என்பதால் உட்கார இடம் கிடைத்துவிட்டது, பக்கத்தில் ஒரு பெண் கைப்பேசியில் சத்தமில்லாமல் ஏதோ பார்த்துச் சிரிக்கிறாள். என் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கிறது, கூட்டுக்குள் கண்ணாடி இல்லை, அஞ்சல்தலை அளவுக்கு ஒரு மெமரி கார்டு இருக்கிறது, ஏறக்குறைய ஒரு வருடமாக யாரும் திறக்காத கார்டு. கெட்டுப்போய்விட்டது என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வருஷத் திதி. அம்மா படத்துக்குப் பக்கத்தில் அம்மா கடைசியாக எடுத்த படத்தையும் மாட்ட வேண்டும் என்கிறாள் வர்ஷா, ப்பா, கார்டு உண்மையிலயே கரப்ட்டா, நீங்க யார்கிட்டயாச்சும் காட்டினீங்களா, தேக்கா மார்க்கெட் பக்கத்துல ஸைஃப் ஃபோட்டோ கடையில ரெக்கவர் பண்ணித் தருவாங்க லா, ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்… கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கெடாத கார்டை எப்படிச் சரிசெய்யக் கேட்பது.

தட்டு என்பது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் அவளிடம் பேசக்கூடாது, பேசினால் பறவை போய்விடும் என்பாள், பறவை போகாது, அவளுக்குத்தான் பிடிக்காது. லென்ஸுக்குள் பார்க்கிறவளுக்குப் பின்னால் சைக்கிள் வருவது தெரியாது, காலுக்கடியில் படி முடிவது தெரியாது, அதைப் பார்க்கத்தான் நான், ஆபத்து என்று பட்டால் இடது தோளில் ஒரு தட்டு, தட்டினால் உடனே பின்னால் வந்துவிட வேண்டும், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கிளமெண்டியில் பள்ளி ஆய்வுக்கூட வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்ற மறுமாதம் தொடங்கியது இந்தக் கேமரா, தட்டு கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. பொங்கோல் நீர்வழியில் நீர்நாய்க் குடும்பத்தைப் படம் எடுப்பாள், உபின் தீவில் இருவாட்சி, மண்டாயில் ஒருமுறை கடமான், நான் பின்னால் தண்ணீர்ப் புட்டியோடு நிற்பேன். பருத்திச் சட்டை போட்ட தோள், ஈரமாக, சூடாக இருக்கும், ஒரு விரல் பட்டாலே போதும். தட்டிய கணத்தில் அவள் விரல் பொத்தானில் இருந்தால் அந்தப் படம் மட்டும் இடப்பக்கம் சரிந்துவிடும், நீர்நாய் மலையேறுவதுபோல நிற்கும், வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்க்கும்போது, இந்தா பாருங்க, உங்க கையெழுத்து, என்பாள். அழிக்கமாட்டாள் அவற்றை, நல்ல படங்களையே நூறு நூறாக அழிப்பவள்… செங்காங் வந்துவிட்டது, கூட்டம் ஏறுகிறது, ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்து நிற்கிறார், என்னைவிட மூத்தவரா, எழுந்திருக்க வேண்டுமா, வேண்டாம், வேறு யாரோ எழுந்துவிட்டார்கள். நான் மின்தூக்கிப் பராமரிப்பில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன். லிஃப்ட்ல வேல பாத்து பாத்து உங்களுக்கு எதப் பாத்தாலும் ஓவர்லோட் மணி அடிக்குதுங்க, என்பாள். உண்மைதான், எனக்கு எப்போதும் மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. கல்யாண வீட்டில் பேசிக்கொண்டிருப்பாள், கடைசி ரயில் போய்விடும் என்று தட்டுவேன், கடற்கரையில் உட்கார்ந்திருப்பாள், மழை வருகிறது என்று தட்டுவேன், வந்துவிடுவாள். ஒருநாள் மட்டும் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், நீங்க தட்டுறீங்க, நான் வந்துடுறேன், ஒரு நாளாச்சும் முழுசா பாத்துட்டு வர்றேனேன்னா விடுறீங்களா? நான் என்ன பதில் சொன்னேன்… மழை வந்ததா இல்லையா அன்று…

அந்த ஜாக்கெட் வர்ஷாவுடையது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது. நாங்கள் வாங்கி வைத்திருந்தது மெல்லியது, இலேசானது, அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ம்மா, அலாஸ்காவுக்கு இது பத்தாதுலா, என் ஜாக்கெட்ட எடுத்துட்டுப் போங்க, என்று அவளே விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜாக்கெட்டினால்தான் தட்டு எட்டவில்லை என்று சொன்னால் அவள் என்ன ஆவாள், அதனால் தட்டினேன் என்பதையே சொல்லவில்லை, கார்டு கெட்டுவிட்டது என்றேன், ஒரு பொய்யை மூட இன்னொன்று, ஆனால் எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் பொய் இல்லை, சோதித்தே பார்த்திருக்கிறேன். போன தீபாவளி முடிந்த வாரம், பிற்பகல், அந்த ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றேன், முப்பத்து மூன்று டிகிரி, வேர்வை முதுகில் ஓடுகிறது, வலக்கையில் உறை மாட்டி என் தோளை நானே தட்டிப் பார்த்தேன், நானே தட்டினால் சரிவராது, எப்போது விழும் என்று கைக்குத் தெரியுமே. எதிர்வீட்டுப் பிலோமினம்மாள் கேழ்வரகுப் புட்டோடு வாசலில் நின்று பார்த்தார். அண்ணே, ஏர்கான் ஜாஸ்தியா வச்சிட்டீங்களா? இல்லம்மா, இந்த உறையப் போட்டுக்கிட்டு பின்னால வந்து தோள்ல ஒரு தட்டுத் தட்டுங்க, எப்பன்னு சொல்லாதீங்க. புட்டைக் கீழே வைத்தார், உறையை மாட்டிக்கொண்டார், கணவரைப் பறிகொடுத்தவர், இதுபோன்ற காரியங்களைப் புரிந்துகொள்வார் போலிருக்கிறது. நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். தட்டுங்கம்மா. தட்டிட்டேனே, ரெண்டு வாட்டி தட்டிட்டேன்லா! எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் அன்றிலிருந்து சொல்லிக்கொள்கிறேன், அதன்மேல்தான் படுக்கிறேன், எழுந்திருக்கிறேன். அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வந்திருப்பாள்.

போத்தோங் பாசிர்… இன்னும் மூன்று நிறுத்தம். அலாஸ்காவுக்குப் போனதே மூஸைப் படம் எடுக்கத்தான், மூஸ் என்றால் மான்தான், ஆனால் குதிரையைவிட உயரம், கொம்பு இரண்டு முறங்களை விரித்துப் பிடித்ததுபோல, கழுத்துக்குக் கீழே ஒரு தாடி தொங்கும், இணைசேரும் பருவத்தில் ஆண் மூஸ் வாரக்கணக்கில் தின்னாது, மண்ணைத் தோண்டிச் சிறுநீர் விட்டு அதில் புரளும், அந்த நாற்றம் அது வருமுன்பே வந்துவிடும். இதையெல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள், இரண்டு வருடம் படித்தாள். முதல் நாளே வழிகாட்டி சொல்லிவிட்டார், உங்களுக்கும் அதற்கும் நடுவே எப்போதும் ஒரு மரம் இருக்கட்டும், காது பின்னால் மடங்கினால் அத்தோடு படம் முடிந்தது. நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் காலை, புதரெல்லாம் மஞ்சள், இலை விளிம்பில் உறைபனி, வழிகாட்டியும் மற்ற நால்வரும் மேட்டில் நின்றார்கள், அவளுக்கு மட்டும் ஒரு கிளை மறைத்தது, பத்தடி கீழே இறங்கினாள், நானும் இறங்கினேன். ஏன் இறங்க விட்டேன்? அங்கே வேலி இல்லை, பலகை இல்லை, எங்கள் ஊரில் ஆபத்து என்றால் நான்கு மொழியில் பலகை இருக்கும், முதலைக்குப் பலகை, குரங்குக்குப் பலகை, வழுக்கும் தரைக்குப் பலகை, பலகை இல்லாத இடம் பயமில்லாத இடம் என்று அறுபது வருடமாக உடம்பு பழகியிருக்கிறது. மரத்தைத் தாண்டி நின்றாள். அது வந்தது. நாற்றம், பிறகு உக் உக் என்று ஒரு முனகல், பிறகு கொம்பு. அவள் மூச்சு வெள்ளையாக வந்துகொண்டிருந்தது, நின்றது, பொத்தானை அழுத்தும்போது மூச்சை நிறுத்துவாள். காது மடங்கியதை நான் பார்த்தேன். தட்டினேன். தட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தேன், தரை வழுக்கியது, குனிந்து காலைப் பார்த்துப் பார்த்து வைத்தேன், அவள் பின்னாலேயே வருகிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை, எப்போதும் வருவாள், மரத்துக்குப் பின்னால் போய் நிமிர்ந்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. கத்தினேன். பெயர் சொல்லிக் கத்தினேன் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம், ஹெலிகாப்டர் வந்தது, வந்து என்ன. கேமராவைப் புதரிலிருந்து எடுத்து வழிகாட்டி என் கையில் கொடுத்தார், கண்ணாடி உடைந்திருந்தது, கார்டு பத்திரமாக இருந்தது.

லிட்டில் இந்தியாவில் இறங்கிப் படியேறி வெளியே வந்தால் வெயில் முகத்தில் அறைகிறது, பஃபலோ சாலையில் காய்கறிக்காரர் கறிவேப்பிலைக் கட்டின்மேல் தண்ணீர் தெளிக்கிறார், மாலைக் கடை வைத்திருக்கும் பெண், திதி எப்ப அங்கிள், சம்பங்கி சொல்லி வச்சிருக்கேன், என்கிறாள், இவளுக்கு யார் சொன்னது, வர்ஷாதான். திரும்பிப் போய்விடலாமா. காட்டினேன், முடியாது என்று சொல்லிவிட்டார்கள், என்றால் முடிந்தது. ஆனால் திறந்து பார்த்தால் என்ன, பார்த்தால் எனக்குத்தானே நல்லது, காது மடங்கிய பிறகும் படம் ஆடாமல் இருந்தால் தட்டு போய்ச் சேரவில்லை என்பது உறுதி, குற்றம் என் கைமேல், உறைமேல், ஜாக்கெட்மேல், அவள்மேல் இல்லை. அதை உறுதிசெய்துகொள்ளத்தானே வந்தேன்? வர்ஷா கேட்டதற்காக வந்ததாகவே ரயில் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஸைஃப் கடை இரண்டு மாலைக் கடைகளுக்கு நடுவே நீளமாக, குளிராக இருக்கிறது. ஸைஃபுக்கு நாற்பது வயது, குறுந்தாடி. திதிக்கு மாட்டப்போகும் பஞ்சவர்ணத்தின் பெரிய படம் சட்டம் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார், பார்க்கவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கார்டைச் செருகினார். என்னா அங்கிள், கெட்டுப்போச்சுன்னு பாப்பா சொல்லுச்சு, இது சும்மா ஜம்முனு ஓப்பன் ஆகுது! அப்படியா, என்றேன். யா அல்லாஹ், எவ்ளோ பெருசு, இது மாடா மானா? மான். மான்னு சொன்னா எவன் நம்புவான்… ஆன்ட்டி எடுத்ததா? ஆமா, என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, நீங்களே பாத்து எடுங்க அங்கிள், இந்த பட்டன அமுக்குனா அடுத்தது, என்று எழுந்து வெளியே ஆளைக் கவனிக்கப் போனார்.

அமுக்கினேன். புதர். புதர். கொம்பு. முழு மூஸ், மூச்சு புகைபோல. காது நிமிர்ந்து இருக்கிறது, இன்னொன்று, இன்னொன்று, நாக்கை நீட்டி உதட்டை நக்குகிறது, காது பாதி, காது முழுதும் பின்னால். இதுதான், இந்த இடத்தில்தான் என் கை எழுந்தது. அடுத்ததை அமுக்கினேன். சரிந்திருந்தது. மஞ்சள் புதரும் தரையும் மலையும் எல்லாம் இடப்பக்கம் சரிந்து, மூஸின் ஒரு கொம்பு வெளியே போய், ஒரு கால் இல்லாமல்… என் கையெழுத்து. எத்தனை நேரம் அதைப் பார்த்தேன்? தட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது, உறை, வார், இறகு, கம்பளி எல்லாம் தாண்டி, அவள் தோள் அசைந்திருக்கிறது. சரி, அசைந்தது, பிறகு வரத் திரும்பியிருப்பாள், இதுதான் கடைசிப் படமாக இருக்கும், நேரமில்லாமல் போயிருக்கும்… அமுக்கினேன். நேராக இருந்தது. மட்டம் பிடித்ததுபோல நேராக, கொம்பு இரண்டும் முழுதாக உள்ளே, கண் ஊசிமுனையாய்த் தெளிவாக. சரிந்ததை நிதானமாகச் சரிசெய்திருக்கிறாள். இன்னொன்று. இன்னொன்று. படத்துக்குக் கீழே மீதிப் படங்களும் சின்னச் சின்னதாக நொடியோடு வரிசையில் நிற்கின்றன, தட்டுக்குப் பிறகு எல்லாம் சேர்ந்து ஒன்பது நொடி, பதினோரு படம், ஒன்பது நொடியில் மின்தூக்கி மூன்று மாடி ஏறிவிடும், மூன்று மாடி ஏறுகிற நேரம் நான் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் நிமிர்ந்து நின்றிருக்கிறாள், கை நடுங்கவில்லை, ஒன்றில்கூட நடுங்கவில்லை. இதை வர்ஷாவிடம் எப்படி… ஜாக்கெட் காரணமில்லை என்று சொல்லலாம். ஜாக்கெட் இல்லை என்றால் வேறென்ன என்று கேட்பாள். ஏழாவது. எட்டாவது, கழுத்து ரோமம் சிலிர்த்து நிற்பது ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஒன்பதாவது. இவ்வளவு அழகாக இருந்ததா அது, நானும் அங்கேதான் நின்றேன், நான் காதை மட்டும்தான் பார்த்தேன். பத்தாவதில் முகம் மட்டும், ஒரு கண்ணில் காலை வெளிச்சம்…

இடது தோளில் ஒரு விரல் தட்டியது. அங்கிள், எந்தப் படம்னு சொல்லிட்டா போட்டுரலாம், ஆள் நிக்குது. மெல்லிய சட்டைதான், நன்றாகத் தெரிந்தது. திரும்ப வேண்டும் என்பதும் தெரிந்தது. நான் திரும்பவில்லை… இன்னும் ஒரு படம் பாக்கி இருந்தது.