மதகுப் பலகை

வாடகைக்கு வந்த குடும்பம் ஒன்று, ஏரியில் குளித்த மகளின் கால்விரல் இடுக்கில் அட்டைகளைப் பார்த்ததும் அன்றைக்கே மூட்டை கட்டியது. அந்தக் கோடையில் அதற்கப்புறம் எங்கள் ஏரிக்கரைக் குடில்கள் காலிதான். இப்படியே போனால் ஏரியை விற்க வேண்டியதுதான். என் கணவன் வெர்லினுக்கு ஏரி போவதும் உயிர் போவதும் ஒன்று.

காப்பி டப்பாவில் வெளியிலிருந்து ஆணியால் துளைகள் அடித்து, உள்ளே ஈரலைப் போட்டு, நாணலோரம் இறக்கினோம். உள்ளே போகிற அட்டையைத் துளையின் கூர்விளிம்பு திரும்ப விடாது. தினமும் டப்பா நிறைந்தது. அட்டைகள்தான் குறைந்தபாடில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. குளிர் தொடங்கும்போது மதகுப் பலகைகளைக் கழற்றி நீரை இறக்கினால், கரையோரச் சேறு வெளியே வந்து உறையும். அதற்குள் புதைந்த அட்டைகள் சாகும். ஆனால் ஏரி உறைவதற்கு முன்பே செய்ய வேண்டும். அந்த நேரம் பார்த்து மான் வேட்டை தொடங்கியது. எங்கள் மினசோட்டாவில் அந்த நாட்களில் கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள். வெர்லின் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது ஏரி உறைந்து கிடந்தது.

"விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன்.

"அடுத்த வருஷம் ஏரி நம்மகிட்ட இருக்குமா, மார்லிஸ்? இப்பவே கழட்டுறேன். தண்ணி எறங்கினா ஐஸும் கூடவே எறங்கிடும்."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"டுவேன்கிட்டயா? மீனெல்லாம் செத்துடும்னு குதிப்பான். நேரம் பாத்து நானே சொல்றேன்."

டுவேன் எதிர்க்கரையில் இருந்தான். பனிக்கட்டி தடித்ததும் ஏரிக்கு நடுவே தகரக் குடிலை இழுத்துப் போய், வசந்தம்வரை அதற்குள் உட்கார்ந்து, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பான். அவனுக்குப் பெண்டாட்டியும் அதுதான், கோயிலும் அதுதான்.

பலகைகள் கழன்றன. தண்ணீர் மட்டும் இறங்கியது; பனிக்கட்டி இறங்கவில்லை. எங்கள் நாய் அதன்மேல் ஓடியபோது காலிப் பீப்பாயைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"வெர்லின், கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி கேக்குது. இன்னைக்கே டுவேன்கிட்ட சொல்லு."

"உனக்கு எதைப் பாத்தாலும் பயம். அவன் அடுத்த வாரம்தான் வருவான். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல சொல்றேன்."

சனிக்கிழமை காலையில் டுவேன் நடு ஏரியில் நின்றான். பின்னால் குடில். துளை போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"டேய் வெர்லின்!" என்று கத்தினான். "ஐஸு நல்ல தடிமன்டா. ஆனா ஓட்டையில தண்ணியே வரல! ஏரியக் குடிச்சிட்டியா?"

அவன் சிரிப்பது கரைவரை கேட்டது. வெர்லினின் முகம் செத்துவிட்டது.

"அசையாத டுவேன்! குப்புறப் படு!" என்று கத்திக்கொண்டே அவன் ஓடினான். மதகை ஒட்டித்தான் குறுக்குவழி. நீர் இறங்கத் தொடங்கியபோதே திறந்த மதகின் நீரோட்டம் அங்கே பனிக்கட்டியை அடியிலிருந்து அரித்து மெலிதாக்கியிருந்தது. நான் கூப்பிடுவதற்குள் அவன் இல்லை. அந்த இடத்தில் ஒரு கருப்பு ஓட்டை இருந்தது.

டுவேன் வயிற்றால் ஊர்ந்து வந்தான். மற்ற வருஷமாக இருந்தால் தண்ணீர் பனிக்கட்டியின் விளிம்புவரை நிற்கும்; விழுந்தவன் முழங்கையை ஊன்றி ஏறிவிடுவான். இப்போது தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தது. வெர்லின் கையைத் தூக்கினான். டுவேன் இடுப்புவரை தொங்கினான். விரல்கள் எட்டவில்லை.

"கயிறு, மார்லிஸ்! கயிறு!"

நான் கொண்டுபோய்ப் போட்டேன். பிடிக்க அங்கே கை இல்லை. அந்த ஆள் உயரத் தண்ணீரைத் திறந்துவிட்டவன் வெர்லின்தான்.

பனிக்கட்டி கூரைபோல மூடியிருந்ததால் சேறு உறையவே இல்லை. ஏரி உருகிய வாரத்தில் டப்பாவில் ஈரலைப் போட்டு நாணலோரம் இறக்கினேன். மறுநாள் காலையில் அது நிறைந்திருந்தது.