ஆறு கொண்டைகள்

அந்தக் குளிர்காலத்தில் கிரான்சேலே ஊர் எல்னாவின் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் பிழைத்தன, அவளுக்கு ஆறு விரல்கள் போயின. முதல் விரல், இடது கைச் சுண்டுவிரல், நவம்பர் கடைசியில் அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது உதிர்ந்தது. ரத்தம் வரவில்லை, வலியும் இல்லை. காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அதை மாவிலிருந்து எடுத்துத் துடைத்துக் காலித் தீப்பெட்டி ஒன்றில் போட்டு மூடிவிட்டு, மிச்ச மாவைப் பிசைந்து முடித்தாள். அடுப்பு சூடேறியிருந்தது, அதை வீணாக்க முடியாது.

ஸ்வீடனின் அந்த வடகோடியில் யாரும் பனிக்காலத்தில் கோழிகளை வெளியே வைப்பதில்லை. அக்டோபரில் முதல் பனி விழுந்ததும் அடுக்களைக்குக் கொண்டுவந்து, சுவரோரப் பெஞ்சுக்கு அடியில் சட்டம் அடித்த கூண்டில் விட்டுவிடுவார்கள். மே மாதம்வரை மனிதர்கள் மேலே உட்கார்ந்து சாப்பிட, கோழிகள் கீழே உட்கார்ந்து முனகும். எல்னாவும் பதினொரு வருஷம் அப்படித்தான் வைத்திருந்தாள். ஆனால் அந்த வருஷம், மரம் வெட்டும் முகாமிலிருந்து ஹால்வர் என்ற அவள் கணவனை இரண்டு பேர் சறுக்கு வண்டியில் கிடத்திக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். காசநோய். நர்ஸ் வந்து பார்த்து இரண்டு விஷயம் சொன்னாள். நோயாளிக்குத் தினமும் ஒரு பச்சை முட்டை கொடுக்க வேண்டும். கோழித் தூசி அவன் மூச்சில் படவே கூடாது.

அதனால் கோழிகள் விறகுக் கொட்டகைக்குப் போயின. அந்த ஊர்க்காரர்களுக்குச் சுவர் என்றால் அடுக்கிய மரக்கட்டையும், கட்டைகளுக்கு இடையே திணித்த பாசியும்தான். இடுக்கு ஒன்று கண்ணில் பட்டால் அடைக்காமல் கை சும்மா இருக்காது. எல்னா இரண்டு நாள் உட்கார்ந்து, மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு அடைப்பதுபோல அடைத்தாள். கூரைக்குக் கீழே இருந்த காற்றுத் துவாரத்தையும் விடவில்லை. விடியுமுன்பே விளக்கு ஏற்றி வைத்தாள், வெளிச்சம் இருந்தால்தான் முட்டை வரும் என்று. ஐந்தாம் நாள் புள்ளிக் கோழியின் கொண்டை நுனி மெழுகுபோல வெளுத்திருந்தது. சுவரெல்லாம் உறைபனி பூத்திருந்தது.

பக்கத்து வீட்டு விதவை ஹில்மா வந்து பார்த்தாள். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏண்டி, கோழிக்குக் கூடு கட்டுனியா, சவப்பெட்டி செஞ்சியா? அதுங்க விடற மூச்சு எங்கடி போகும்?"

"குளிருமேன்னுதான் அடைச்சேன், அக்கா."

"குளிர் தாங்கிக்கும். ஈரந்தான் கொல்லும். அதையெல்லாம் பிடுங்கு முதல்ல."

இருவரும் கத்தியால் துவாரத்துப் பாசியைக் கீறி எடுத்தார்கள். ஆனால் வெளுத்த கொண்டை கருத்துப்போகும், அந்தக் கோழி வசந்தம்வரை முட்டை வைக்காது, பிழைப்பதும் சந்தேகம். ஹில்மா போனபின் எல்னா வைக்கோலில் உட்கார்ந்து, பன்றிக் கொழுப்பை எடுத்துக் கொண்டையில் தடவி, விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கொண்டை சிவந்திருந்தது. அவள் சுண்டுவிரல் வெளுத்திருந்தது. அடுத்த கோழிக்குத் துணியில் கொழுப்பைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். கொண்டை வெளுப்பாகவே நின்றது. வெறுங்கையால் பிடித்ததும் சிவந்தது. கணக்கு அப்படி என்று தெரிந்தபின் அவள் துணியைத் தேடவில்லை.

டிசம்பரில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பதைத் தொட்டது. துவாரம் திறந்திருந்தும் கொண்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. ஒரு கொண்டை சிவந்தால் அது மறுபடி வெளுக்கவில்லை, அந்த விரலும் திரும்பி வரவில்லை. இடது முன்கையால் பால் குவளையை அணைத்துப் பிடிக்கப் பழகிக்கொண்டாள். தன்னையே அவள் கவனித்துப் பார்த்தாள். பயம் இருக்கும் என்று தேடிய இடத்தில் வேறொன்று இருந்தது, அதைத் திருப்தி என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஹால்வருக்கு அவள் கொடுத்தது எதுவும் அவனிடம் எங்கேயும் தெரிந்ததில்லை. வசந்தத்தில் முகாமிலிருந்து வருவான், சாப்பிடுவான், கூரையைச் சரிசெய்வான், போய்விடுவான். கோழிக்குக் கொடுத்தது மறுநாளே சிவப்பாகத் தெரிந்தது.

நான்காவதாக மோதிர விரல் போனது. மோதிரத்தை முட்டைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தவள் எடுக்க மறந்து, கிண்ணத்தோடு அவனிடம் கொண்டுபோய்விட்டாள். ஹால்வர் மோதிரத்தை எடுத்துப் பார்த்தான்.

"கையைக் காட்டு."

"முட்டையைக் குடி முதல்ல."

"காட்டு, எல்னா."

காட்டினாள். கட்டைவிரல் மட்டும் நின்றது.

"இதெல்லாம் எனக்கா?"

"கோழிக்கு."

"கோழி எனக்குத்தானே?"

அவள் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அதைத் தன்னிடமே கேட்டுப் பார்த்து விடை கிடைக்காமல் விட்டிருந்தாள்.

"நான் கேட்டேனா உன்ன?" என்றான் இருமலுக்கு நடுவே.

"நீ எப்ப என்ன கேட்டிருக்க?"

அவ்வளவு நாளில் அவனிடம் அவள் சொன்ன ஒரே குறை அதுதான். அவன் முட்டையைக் குடித்தான். மோதிரத்தைத் திருப்பித் தரவில்லை. ஜனவரி கடைசியில் கட்டைவிரலும் போனது, ஐந்து பெட்டைகளும் முட்டை வைத்தன, பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஹால்வர் செத்துப்போனான். மூடிய அவன் வலது கையை யாராலும் விரிக்க முடியவில்லை.

மண் இளகும்வரை சவப்பெட்டி வைக்கோல் கொட்டகையில் காத்திருக்க வேண்டும், அங்கே குளிர்காலத்தில் சாகிறவர்களுக்கெல்லாம் அதுதான் வழக்கம். பெட்டியை வைத்துவிட்டு வந்த அன்றே சேவலின் கொண்டை வெளுத்திருந்தது. ஹில்மா பார்த்துவிட்டு, முட்டை குடிக்கவும் ஆளில்லை, சேவல் முட்டை வைக்கப்போவதும் இல்லை, அடித்துச் சாவு விருந்துக்குச் சூப் வை என்றாள். அதில் தப்பொன்றும் இல்லை. எல்னா கத்தியோடுதான் போனாள். சேவல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. அதைக் காப்பாற்ற ஏதாவது காரணம் வரட்டும் என்று வைக்கோலில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வலது கையில் கொழுப்பை எடுத்தாள்.

மே மாதம் குழி தோண்ட முடிந்தது. புதைக்குமுன் பெட்டியின் மூடியை நெம்பச் சொல்லி, மூடியே கிடந்த அவன் கையருகே தீப்பெட்டியை வைத்தாள். அதில் ஐந்து இருந்தன.

"ஆறுல்ல?" என்றாள் ஹில்மா மெதுவாக.

"ஆறாவது என்னோடது, அக்கா."

ஹில்மா தலையாட்டினாள். பாதிரியார் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அதன்பின் கடைக்காரர் எல்னாவின் பொட்டலங்களை மணிக்கட்டில் மாட்டும்படி வளையம் வைத்துக் கட்டிக் கொடுத்தார், யாரும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு பெட்டைகள் அடைகாத்துப் பத்தொன்பது குஞ்சு பொரித்தன. அக்டோபரில் எல்லாம் அடுக்களைப் பெஞ்சுக்கு அடியில் திரும்பின, அங்கே எந்தக் கொண்டையும் வெளுக்கவில்லை. சேவல் மட்டும் தினமும் மாலையில் சட்டத்துக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். எல்னா மிச்சமிருந்த நான்கு விரல்களில் கொழுப்பை எடுத்துத் தடவிவிட்டு, கையைப் பார்க்காமலே துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவாள்.