வரைவில் இருந்த இடுகை

1
பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை, கல்லூரியின் இரண்டாம் மாடிக் கணினி அறையில், மொழிப்பாட ஆசிரியை ஒருவர் 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினார்.

கதை இவ்வளவுதான். அந்த ஆசிரியையே எனக்குச் சொன்னது. ஒரே பேருந்தில் போய்வருகிறவர்கள் நாங்கள். முதலில் நான் எழுதிய தொடக்கம் வேறு: "தொழில்நுட்பம் இன்று வகுப்பறையை எந்த அளவுக்கு மாற்றியிருக்கிறது என்றால்

[இதற்கு மேல் ஓடவில்லை. கருத்தரங்க வாடை.]

2
வகுப்புக்கென்று அவர் ஒரு வலைப்பூ நடத்தினார். வாரம் ஓர் இடுகை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அங்கே பக்கம் பக்கமாக எழுதினார்கள். நானும் படித்தேன், நன்றாகவே இருந்தன. ஒரே தொல்லை, பாதிப் பேர் எழுதி முடித்துச் 'சேமி'யை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். இடுகை வரைவிலேயே* கிடக்கும். சோற்றை வடித்துவிட்டுப் பரிமாற மறந்த கதை என்று திட்டிக்கொண்டே, தம் கணக்கிலிருந்து அவரே வெளியிட்டுவிடுவார்.

(*பழைய இலக்கணத்தில் வரைவு என்றால் திருமணம். இதை வைத்து வகுப்பில் நிறையச் சிரித்திருக்கிறார்கள்.)

அங்கே ஒருத்தி படித்தாள். தோழிகள் வைத்த பெயர் 'கமுக்கம்'. அப்பா சலூன் வைத்திருந்தார். அந்த வாரத் தலைப்பு, 'எனக்கு மட்டும் தெரிந்தது'. அவள் எழுதியது இது: அப்பா கடை திறந்ததும் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். வருகிறவர்கள் பேசுவதிலிருந்து செய்தியைப் பிடித்து, அடுத்து வருகிறவரிடம் தாமே படித்ததுபோல் அளப்பார். படமில்லாத பக்கம் ஒருநாள் அவர் கையில் தலைகீழாக இருந்தது. அன்றுதான் அவளுக்கு விளங்கியது, அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை.

அந்த ஆண்டின் மிகச் சிறந்த இடுகை அது. வரைவில் இருந்தது. மறந்துவிட்டாள் என்று ஆசிரியை நினைத்தார்.

3
[இந்தப் பகுதிக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். தேடினேன், கிடைக்கவில்லை.]

இடுகையின் சுட்டி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. எல்லாரும் பாராட்டித்தான் பிறருக்கு அனுப்பினார்கள். மாலைக்குள் அது சலூன் நாற்காலியில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்த ஒருவரின் கைப்பேசிக்கு வந்துவிட்டது.

"அண்ணே, உங்க பொண்ணு எழுதினதாமே, கேளுங்க" என்று உரக்கப் படிக்கத் தொடங்கினார் அவர். பாதியில் அவருக்கே புரிந்து குரல் தேய்ந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க, படிங்க" என்றார் சலூன்காரர்.

அவர் படித்து முடிக்கும்வரை கத்தரி ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதினால் கதைக்கு அழகு. எனக்குத் தெரியாது. அதனால் எழுதவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறை வாசலில் அந்தப் பெண் நின்றாள்.

"நான் வெளியிடல மேடம்."

"மறந்துட்டேன்னு நினைச்சேம்மா."

"மறக்கல. அது நீங்க படிக்கறதுக்கு மட்டும்."

இடுகையை உடனே நீக்கினார். அதற்கும் ஒரு பொத்தான்தான். பேருந்தில் என்னிடம் அவர் சொன்னது: "நல்லா இருந்துச்சு சார். அதுதான் வினையாப் போச்சு."

4
வீட்டில் அப்பா அவளிடம் சொன்ன ஒரு வாக்கியம் இங்கே இருந்தது. அச்சுக்குக் கொடுக்கும் முன் கதையை ஆசிரியை மூலம் அவளுக்கு அனுப்பினேன். தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஊருக்கே தெரிஞ்சது இருக்கட்டும் சார். நாலாவது மட்டும் வேண்டாம். அது வரைவுலயே இருக்கட்டும்."

எடுத்துவிட்டேன். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று நீங்கள் ஊகிக்கலாம். ஊகித்ததை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

5
வலைப்பூப் பயிற்சியில் அவளுக்கு முழு மதிப்பெண் பதிவாகியிருக்கிறது. பருவத் தேர்வு எழுத அவள் வரவில்லை. சலூனில் இப்போது செய்தித்தாள் வாங்குவதில்லை.